இருபத்து மூன்று ஆண்டு நின்ற மோரிஸ் மைனர்: போர்ச்சிலிருந்து சாலை வரை

பின்னணி

வண்டி மோரிஸ் மைனர் 1000, நான்கு கதவு, 1967-ஆம் ஆண்டு, 1098 சிசி. நின்ற இடம் பினாங்குத் தீவில், ஆயர் ஈத்தாமில் ஒரு தரைவீட்டின் போர்ச். 1999-இல் நின்றது. நான் முதலில் பார்த்தது 2022 பிப்ரவரியில்.

காரின் சொந்தக்காரர் நிபோங் திபால் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் டிரெசராக, அதாவது தோட்ட மருத்துவ உதவியாளராக, இருந்தவர். 1972-இல் பழைய வண்டியாக வாங்கியிருக்கிறார். ஓய்வு பெற்றுத் தீவுக்கு வந்த பிறகும் அதையே ஓட்டினார். கண்ணில் புரை விழுந்ததும் போர்ச்சில் நிறுத்திப் போர்வை போட்டு மூடினார். 2004-இல் இறந்தார். அதன்பின் யாரும் போர்வையை எடுக்கவில்லை, ஒரே ஒரு முறை தவிர. அந்த ஒரு முறையைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

அறுபதை நெருங்கும் மகன்தான் என்னைக் கூப்பிட்டார். போர்ச்சுக்குப் புதிய தரை ஓடு பதிக்கவேண்டும், கார் நகரவேண்டும். பழைய இரும்புக்காரர் எண்ணூறு வெள்ளி (ரிங்கிட்) தருவதாகச் சொல்லியிருந்தார். வீட்டில் எண்பத்து நான்கு வயது அம்மா. அவர் சொன்னது, "வித்தா வித்துடு. ஆனா இரும்புக்குப் போடாதே." கேட்டதும் மகனுக்கு விற்கவும் மனம் வரவில்லை.

நான் தொழில்முறைப் போமன் (மெக்கானிக்) இல்லை. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் இயந்திரப் பராமரிப்பு வேலை, வார இறுதியில் பழைய வண்டிகள். இதற்கு முன் இரண்டு மைனர்களில் கை வைத்திருந்தேன். அந்தப் பழக்கத்தில்தான் "செய்யலாம் அண்ணே" என்றேன். வெறும் ஆசையில் சொன்னதில்லை. 1948-இல் வெளிவந்த இந்த மாடல், பத்து லட்சம் எண்ணிக்கையைத் தாண்டிய முதல் பிரிட்டிஷ் கார். இங்கிலாந்தில் இன்னும் ஓடுகிறவை ஏராளம், அதனால் பிரேக் சிலிண்டரிலிருந்து தரைத் தகடு வரை புதிதாகவே செய்து விற்கிறார்கள். அதே போர்ச்சில் வேறொரு பழைய வண்டி நின்றிருந்தால் என் பதில் வேறாக இருந்திருக்கும்.

முதல் நாள் பார்த்தவை

மேலே பார்த்தால் வண்டி அருமை. பெயின்ட் மங்கியிருந்தது, அவ்வளவுதான். வலப்பக்கம் படுத்துக் கீழே பார்த்தேன், அங்கும் நன்றாகவே இருந்தது. இடப்பக்கம் போனதும் கதை மாறியது. போர்ச் கூரையின் தகரப் பீலி ஒழுகி, இருபது வருட மழை சரியாக அந்தப் பக்கத்துச் சக்கரங்களுக்கு நடுவே விழுந்திருக்கிறது. கதவுக்குக் கீழே ஓடும் சில் பெட்டியை ஸ்க்ரூடிரைவரால் குத்தினேன், கைப்பிடி வரை இறங்கியது. பின்பக்க இலை ஸ்பிரிங் உடலோடு சேரும் தாங்கியும் அதே நிலை.

நான்கு டயரும் தரையோடு தட்டை. பெட்ரோல் டேங்க் மூடியைத் திறந்தால் வார்னிஷ் வாடை. பிரேக் பெடலை அழுத்தினால் போனது, திரும்பி வரவில்லை. போனட்டுக்கு அடியில் எலிக்கூடு. வயர்கள் பாதி கடிபட்டிருந்தன. முன் கண்ணாடியில் 1999-இல் காலாவதியான ரோட் டாக்ஸ் வட்டம் மட்டும் வெயிலில் வெளுத்துப் பத்திரமாக இருந்தது.

எல்லாவற்றையும் படம் எடுத்தேன், குறிப்பு எழுதினேன், ஆறு பக்கம் வந்தது. எஞ்சின் எண் பொறித்த சிறு தகடு டைனமோவுக்கு மேலே இருக்கிறது. அதையும் படம் எடுத்தேன். எடுத்த படத்தைக் கிரானோடு, அதாவது வண்டியின் உரிமைப் பதிவுத் தாளோடு, ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. இந்த ஆய்வை எழுதத் தூண்டியதே அந்த ஒன்றுதான். அதன் முறை வரும்போது சொல்கிறேன்.

எஞ்சினைச் சுற்றாமல் வைத்தது

மகனுக்கு முதல் நாளே எஞ்சின் சத்தம் கேட்கவேண்டும். நியாயமான ஆசை. நான் மறுத்தேன். நெடுநாள் நின்ற எஞ்சினில் சிலிண்டர் சுவர் காய்ந்திருக்கும், பிஸ்டன் வளையங்கள் துருவில் ஒட்டியிருக்கும், வால்வுகள் தங்கள் குழாய்க்குள் பழைய பெட்ரோல் பிசினால் இறுகியிருக்கும். பாட்டரி வைத்துச் சுற்றினால் ஸ்டார்ட்டர் மோட்டார் எதையும் பார்க்காது. எது பலவீனமோ அது வளையும்.

ஸ்பார்க் பிளக் நான்கையும் கழற்றி, டீசலும் கியர் எண்ணெயும் கலந்து துளைகளில் விட்டு இரண்டு வாரம் விட்டோம். பிறகு காரின் பின்பெட்டியில் கிடந்த, எஞ்சினைச் சுற்றும் கைக்கம்பியை முன்னால் செருகிக் கையால் திருப்பினேன். கால் சுற்று போய் நின்றது. ராக்கர் மூடியைத் திறந்தோம். மூன்றாம் சிலிண்டரின் புஷ்ராட் வில் மாதிரி வளைந்து கிடந்தது, அதன் வால்வு அசையாமல் சிக்கியிருந்தது.

நின்ற வண்டியில் புஷ்ராட் தானாக வளையாது. கேட்டேன். முதலில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. பிறகு அம்மாதான் சொன்னார், 2019 தீபாவளிக்கு வந்த பேரன் புது பாட்டரி மாட்டிச் சுற்றிப் பார்த்தானாம். "டக்குனு ஒரு சத்தம் வந்துச்சு, விட்டுட்டான்." இருபது ஆண்டு நின்றதில் அந்த எஞ்சின் உடையவில்லை. உடைந்தது ஐந்து நொடியில்.

அதே ஐந்து நொடியில் இன்னொன்றும் நடந்திருக்கிறது. இந்த வண்டியில் பாட்டரியின் பிளஸ் முனைதான் உடலோடு சேரவேண்டும், இன்றைய கார்களுக்கு நேர்மாறு. பேரன் தன் மைவி கார் மாதிரியே மைனஸை உடலில் மாட்டியிருக்கிறார். ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு எப்படிக் கொடுத்தாலும் ஒரே திசையில்தான் சுற்றும், ஆகவே தவறு என்று அவருக்குத் தெரிய வழியில்லை. சரியாக மாட்டியபின் டைனமோவின் காந்தமுனையைப் பாட்டரியிலிருந்து ஒரு நொடி மின்சாரம் கொடுத்து மீண்டும் சரிசெய்யவேண்டியிருந்தது. பேரனைக் குறை சொல்ல மாட்டேன். வண்டியில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தால் போதும்.

சிலிண்டர் ஹெட்டைக் கழற்றி ஜாலான் பேராக் பக்கம் ஒரு எஞ்சினியரிங் கடைக்குக் கொடுத்தோம். வால்வுகளைத் தேய்த்து, எக்ஸாஸ்ட் வால்வு அமரும் வளையங்களைக் கெட்டியான இரும்பில் மாற்றினார்கள். ஈயம் கலந்த பெட்ரோலுக்காகச் செய்த ஹெட் அது. ஈயம் இல்லாத இன்றைய பெட்ரோலில் அந்த இருக்கைகள் மெல்லத் தேயும். மெதுவாக ஓட்டுகிறவர்கள் அப்படியே விட்டுவிடுவதும் உண்டு. ஹெட் எப்படியும் மேசைமேல் இருக்கிறது என்பதால் செய்துவிட்டோம். சிலிண்டர் சுவரில் ஒன்றில் மட்டும் துரு வளையம் தெரிந்தது, லேசாக உரசியதில் போய்விட்டது. முடிந்தபின் கம்ப்ரெஷன் நான்கிலும் 145 முதல் 150 பிஎஸ்ஐக்குள் வந்தது. வண்டியிலேயே நல்ல நிலையில் இருந்தது எஞ்சின்தான்.

துரு, சக்கரம்

மைனருக்குப் பழைய லாரி மாதிரி தனிச் சட்டம் (சேஸிஸ்) முழு நீளத்துக்குக் கிடையாது. உடலே சட்டம். சில் பெட்டி இற்றுப்போனால் அழகு போவது அப்புறம், வண்டியின் முதுகெலும்பே போகிறது. முதலில் பார்த்த பட்டறைக்காரர் மேலே தகடு ஒட்டி 1,200 வெள்ளிக்கு முடிக்கலாம் என்றார். பிறையில் இருக்கும் இன்னொரு வெல்டிங்காரர் 3,800 கேட்டார். வெட்டி எடுத்துப் புதுப் பெட்டி வைக்கவேண்டும், வெட்டுவதற்கு முன் கதவைச் சாத்தி உள்ளே குறுக்குக் குழாய் கொடுக்கவேண்டும், இல்லாவிட்டால் உடல் தொய்ந்து கதவு பிறகு சேராது என்று அவரே விளக்கினார். யாரும் கேட்காமல் இதைச் சொன்ன ஆளிடம் வேலையைக் கொடுத்தோம். கதவு இடைவெளி முன்னும் பின்னும் ஒரே அளவு.

முன்சக்கரங்களைத் தாங்கும் அச்சு மேலும் கீழும் மரையுள்ள கட்டைகளில் சுழல்கிறது, டிரனியன் என்பார்கள். கிரீஸ் அடிக்கத் தவறினால் கீழ் டிரனியனின் மரை தேய்ந்துகொண்டே போய், ஒரு நாள் சக்கரம் உள்ளே மடங்கிவிடும். பெரும்பாலும் மெதுவாக வளைக்கும்போது நடக்கும் என்பதால் உயிர்ச்சேதம் குறைவு, ஆனால் அதை நம்பி ஓட்ட முடியாது. இடது கீழ் டிரனியனில் நெம்புகோல் வைத்தபோது விரலுக்குத் தெரியும் அளவு ஆட்டம். இரண்டு பக்கமும் இங்கிலாந்திலிருந்து வரவழைத்தோம்.

பிரேக்கில் நான் செய்த தவறு

பிரேக் மாஸ்டர் சிலிண்டர் ஓட்டுநர் காலடியில், தரைத் தகட்டுக்குக் கீழே இருக்கிறது. அதைப் பிடிக்கும் போல்ட்டை உருவினால் முன் சஸ்பென்ஷனின் டார்ஷன் பார் குறுக்கே நிற்கும், அதையும் அசைக்கவேண்டும். அரை நாள் வேலை என்று நினைத்தது இரண்டு ஞாயிறு எடுத்தது. உள்ளே பிரேக் எண்ணெய் என்று எதுவும் மிச்சமில்லை, பழுப்பாக ஒரு கஞ்சி இருந்தது. பிரேக் எண்ணெய் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும் பொருள். பினாங்கின் காற்றில் கேட்கவே வேண்டாம்.

மாஸ்டர் சிலிண்டரும் ஆறு வீல் சிலிண்டர்களும் புதிது. இரும்புக் குழாய்கள் எல்லாம் செம்பு-நிக்கல் குழாய்களாயின. மூன்று ரப்பர் ஹோஸ்களை மட்டும் மாற்றவில்லை. வளைத்துப் பார்த்தேன், வெளியே ஒரு விரிசல்கூட இல்லை. போட்டுவிட்டேன். மூன்றும் சேர்த்து இருநூறு வெள்ளிகூட ஆகியிருக்காது.

2023 மார்ச். ரோட் டாக்ஸ் இல்லாத வண்டி, சாலையில் ஓட்டக்கூடாது. வெல்டிங்காரரின் நண்பர் ஒருவருக்குப் பிறையில் லாரி நிறுத்தும் இடம் இருந்தது. அங்கே வட்டம் போட்டோம். மூன்றாவது வட்டத்தில் வண்டி இடப்பக்கம் இழுத்தது. ஐந்தாவதில் கருகும் வாடை. இறங்கி இடது முன் டிரம் மேல் தண்ணீர் தெளித்தேன், சுர்ரென்று பறந்தது.

சக்கரத்தைத் தூக்கிப் பெடலை மிதித்து விட்டோம். மற்ற மூன்றும் சுற்றின, அது சுற்றவில்லை. மாஸ்டர் சிலிண்டர் அருகே இணைப்பைத் தளர்த்தினேன், அப்போதும் சுற்றவில்லை. சக்கரத்தின் பின்னால் இருக்கும் காற்று வெளியேற்றும் நிப்பிளைத் திறந்ததும் எண்ணெய் பீறிட்டது, சக்கரம் விடுபட்டது. அழுத்தம் சக்கரத்துக்குப் போகிறது, திரும்பி வரவில்லை என்றால் நடுவில் இருப்பது ஹோஸ் ஒன்றுதான். கழற்றி நீளவாக்கில் அறுத்துப் பார்த்தேன். வெளித்தோல் புதிது மாதிரி, உள்சுவர் உப்பி ஊசித் துவாரம்தான் மிச்சம். கால் பலத்துக்கு எண்ணெயை உள்ளே தள்ள முடிகிறது, திரும்ப அனுப்பும் ஸ்பிரிங்குக்கு அந்தப் பலம் இல்லை.

இந்த வண்டிக்குப் பிரேக் ஒரே சுற்று, இன்றைய கார்போல இரண்டாகப் பிரித்ததில்லை. இதே சக்கரம் மலைச்சாலை இறக்கத்தில் சூடேறி எண்ணெய் கொதித்திருந்தால் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் போயிருக்கும். லாரி கிடங்கில் நடந்ததால் இதை இவ்வளவு நிதானமாக எழுதுகிறேன். அறுத்த ஹோஸ் துண்டு என் மேசையில் இருக்கிறது. பழைய வண்டி வாங்கிவிட்டு "ஹோஸ் பார்த்தேன், நல்லா இருக்கு" என்று வருகிறவர்களுக்குக் காட்டுவேன்.

டேங்க், வயர், டயர்

டேங்க்கைக் கழற்றிச் சிட்ரிக் அமிலம் கரைத்து ஊற்றி நான்கு நாள் ஊறவைத்தோம். அம்மா புளிக்கரைசல் ஊற்றச் சொன்னார், குத்துவிளக்குக்குப் போடுவது போல. தத்துவம் ஒன்றுதான், புளியும் அமிலம். ஆனால் சக்கையை அந்தக் குறுகிய வாய் வழியே யார் எடுப்பது? எஸ்யூ பெட்ரோல் பம்ப் தட்டியதும் டிக் டிக் என்று உயிர் பெற்றது.

மொத்த வண்டிக்கும் இரண்டே ஃபியூஸ்தான். எலி கடித்த பகுதிக்கு மட்டும் வயர் மாற்றி, முன்விளக்குகளுக்குக் கூடுதல் ஃபியூஸ் வைத்தோம். பிளஸ் முனை உடலில் என்பதை மாற்றவில்லை. பாட்டரித் தட்டில் சிவப்பு பெயின்டில் எழுதிவைத்தாயிற்று.

மலிவாகக் கிடைத்த 14 அங்குல டயர்கள் பார்வைக்குப் புதிது. பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத்தைப் படித்தபோது, முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம், அவை ஒன்பது ஆண்டு பழையவை என்று தெரிந்தது. திருப்பிக் கொடுத்தோம்.

கிரான்

2023 ஏப்ரலில் வண்டி தயார். சாலைக்கு வந்தது 2024 பிப்ரவரியில். இடையில் பத்து மாதம் அது வெல்டிங்காரரின் கொட்டகையில் நின்றது. ஸ்பானரில் கை வைக்கவே இல்லை.

கிரான் இறந்தவர் பெயரில் இருந்தது. வீடு முதலிலிருந்தே அம்மா பெயரில் என்பதால், 2004-இல் சொத்து மாற்றம் என்று எதையும் யாரும் செய்யவில்லை. அப்பா பெயரில் மிஞ்சியது இந்த வண்டி ஒன்றே. வீடு நிலம் இல்லாமல் அசையும் சொத்து மட்டும் இருந்தால், அதுவும் ஆறு லட்சம் வெள்ளிக்குள் இருந்தால், அமானா ராயா என்ற அரசு அறங்காவல் நிறுவனம் வழியாகவே முடித்துக்கொள்ளலாம், நீதிமன்றம் போகவேண்டியதில்லை. பிள்ளைகள் நால்வரின் ஒப்புதல் வேண்டும். ஒருவர் மெல்பர்னில். தாள்கள் போய்வந்து முடிய ஐந்து மாதம். இதில் யார் மேலும் குற்றமில்லை. நாங்கள் தாமதமாகத் தொடங்கினோம், அவ்வளவே.

பிறகு ஜே.பி.ஜே., சாலைப் போக்குவரத்துத் துறை. இவ்வளவு காலம் ரோட் டாக்ஸ் இல்லாத வண்டி என்பதால் சோதனைக்குக் கொண்டுவரச் சொன்னார்கள். தூக்கு லாரியில் ஏற்றிக்கொண்டு போனோம். பிரேக் தேறியது, விளக்கு தேறியது. அதிகாரி துணியால் எஞ்சின் தகட்டைத் துடைத்து, எண்ணை இரண்டு முறை வாசித்தார். கிரானில் இருந்தது வேறு எண்.

வீட்டுக்கு வந்து அப்பாவின் செலவு நோட்டைத் தேடினோம். அரிசி மாவு டின்னுக்குப் பின்னால் கிடந்தது. 1983-ஆம் ஆண்டுப் பக்கத்தில் ஒரு வரி: "எஞ்சின் மாற்றியது, 650 வெள்ளி." அதே ரக எஞ்சின், அதே சிசி, வேறு வண்டியிலிருந்து. மாற்றியதைப் பதியவில்லை. அந்தக் காலத்தில் தோட்டத்துப் பக்கம் யாருக்கும் அது தோன்றியிருக்காது. நோட்டு ரசீது ஆகாது. சத்தியப் பிரமாணம் எழுதி, கேட்ட மற்ற தாள்களைச் சேர்த்து, எஞ்சின் எண்ணைத் திருத்தி, மறுபடி சோதனைக்குப் போய் வர மேலும் நான்கு மாதம்.

அந்தத் தகட்டின் படம் 2022 பிப்ரவரியிலிருந்து என் கைப்பேசியில் இருந்தது. ஐந்து நிமிட வேலை. மகனிடம் இதைச் சொன்னபோது அவர் கோபப்படவில்லை. "நீங்க இரும்பைப் பாத்தீங்க தம்பி, நான் தாளைப் பாத்திருக்கணும்" என்றார். இரண்டையும் நான்தான் பார்த்திருக்கவேண்டும்.

காப்பீடு மூன்றாம் தரப்புக்கு மட்டும் கிடைத்தது. ரோட் டாக்ஸ் 55 வெள்ளி, 1,001 முதல் 1,200 சிசி வரை அதுதான் கட்டணம். வட்டம் ஒட்டும் வழக்கம் போய் இப்போது எல்லாம் கைப்பேசியில். 1999-ஆம் ஆண்டு வட்டத்தை அம்மா கிழிக்க விடவில்லை. அதைக் கண்ணாடியிலிருந்து எடுத்துச் சாமி அலமாரியில் வைத்துவிட்டார், காரணம் சொல்லவில்லை.

மறுபடி செய்தால்

முதல் நாள் கிரானை வாங்கி சேஸிஸ் எண், எஞ்சின் எண் இரண்டையும் வண்டியோடு ஒப்பிடுவேன். பெயர் மாற்ற வேலையை அன்றே தொடங்கச் சொல்வேன். வெல்டிங்கும் உதிரிபாகக் காத்திருப்பும் எடுத்த பதினான்கு மாதத்துக்குள் அது ஓசையில்லாமல் முடிந்திருக்கும். அது முடியாவிட்டால், சில் பெட்டிக்கு 3,800 செலவழிப்பதற்கு முன் யோசித்திருக்கவும் முடியும்.

வீட்டில் இருக்கும் பழைய நோட்டு, ரசீது, டைரி எல்லாவற்றையும் எஞ்சினைத் தொடுவதற்கு முன் படிப்பேன். "இதுக்கு முன்னாடி யாராவது ஸ்டார்ட் பண்ணிப் பாத்தீங்களா?" என்பதை வீட்டிலுள்ள ஒவ்வொருவரிடமும் தனித்தனியே கேட்பேன். கூட்டத்தில் கேட்டால் உண்மை வராது. ஹோஸ் பற்றி மறுபடி சொல்லத் தேவையில்லை.

மாற்றாதவை: எஞ்சினைக் கையால் சுற்றியது, விலை கூடிய வெல்டிங்கைத் தேர்ந்தது, முழு வண்டிக்கும் பெயின்ட் அடிக்காதது. இந்தக் கடைசி விஷயத்தை மகன் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. இடப்பக்கம் மட்டும் நிறம் கொஞ்சம் தூக்கலாகத் தெரிகிறது, உண்மைதான்.

மொத்தச் செலவு ஏறத்தாழ 19,000 வெள்ளி. விற்றால் அது திரும்பாது என்று தொடக்கத்திலேயே சொல்லியிருந்தேன்.

இப்போது

முதல் நெடும் ஓட்டம் ஜாலான் துன் சார்டோன் வழியே பாலிக் பூலாவ். ஏற்றம் இரண்டாம் கியரில், இறக்கமும் இரண்டாம் கியரில். கீழே போய் நான்கு டிரம்மையும் தொட்டுப் பார்த்தேன், நான்கும் ஒரே சூடு. அம்மா பின் இருக்கையில் இடப்பக்கம் உட்கார்ந்து வந்தார். முன்னால் உட்காரச் சொன்னோம், அது மருந்துப் பெட்டி வைக்கிற இடம் என்றார்.

கிரீஸ் ஆயிரம் மைலுக்கு ஒரு முறை, அப்பாவின் நோட்டிலேயே குறித்து வருகிறார் மகன். எஞ்சினின் பின்பக்கம் எண்ணெய் கசிகிறது. இந்த எஞ்சினில் அங்கே ரப்பர் சீல் வைக்கும் அமைப்பே இல்லை, மரைபோல் வெட்டிய ஒரு வளையம் எண்ணெயை உள்ளே திருப்பித் தள்ளவேண்டும், நின்றிருக்கும்போது அது தள்ளாது. புதுத் தரை ஓட்டில் சொட்டு விழுவதால் கீழே அட்டை போட்டு வைத்திருக்கிறார்கள். வாரத்துக்கொரு முறை அட்டையை மாற்றும் வேலை பேரனுக்கு, 2019-இல் பாட்டரி மாட்டிய அதே பேரனுக்கு.